மேலே பார்க்க வைத்த வீடு

கிளாஸ்கோ,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. கட்டு அவிழ்த்ததும் சுவரில் அடித்த சுண்ணாம்பு வெள்ளை முதலில் பளிச்சென்று தெரிந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மகளுக்கும் படித்துக் காட்டினேன். சொட்டு மருந்தை மட்டும் நாள் தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது, ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

மாடி ஹாலுக்கு எவ்வளவு உயரம் வைக்கலாம், ஜன்னல் எங்கே வரலாம் என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதியிருப்பேன். அதற்குள் போன சனிக்கிழமை ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து மனசு முழுக்க அந்த வீடுதான். அதைச் சொல்லாமல் உன் கேள்விக்கு வர முடியாது.

இங்கே ஸ்காட்லாந்தில் பியூட் என்று ஒரு தீவு. கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் வெமிஸ் பே போய், அங்கிருந்து கப்பலில் அரை மணிக்குச் சற்று அதிகம். வெமிஸ் பே ரயில் நிலையமே தனியாகப் பார்க்க வேண்டியது, 1903-இல் கட்டியது. இரும்பும் கண்ணாடியும் கூரையாக வளைந்து வளைந்து போகும். தீவில் இறங்கி பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் மவுன்ட் ஸ்டூவர்ட். மரங்களுக்கு நடுவே சிவப்பு மணற்கல்லில் ஒரு மாளிகை. இரண்டு பக்கமும் பழைய வீட்டின் வெள்ளைச் சிறகுகள் இன்னும் நிற்கின்றன. 1877 டிசம்பரில் தீப்பிடித்து நடுப்பகுதி எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் மூன்றாம் பியூட் பிரபு புதிதாகக் கட்டத் தொடங்கினார். வரைந்து கொடுத்தவர் எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் ரோவன்ட் ஆண்டர்சன்.

பிரபு பிறந்ததும் அந்த எரிந்த வீட்டில்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். வேல்ஸில் கார்டிஃப் துறைமுகம் அப்பா கட்டியது. நிலக்கரி அந்த வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. அந்தப் பணம் முழுக்க இந்தப் பிள்ளை கைக்கு வந்தது. பணம் வந்தவர்கள் எத்தனையோ பேர். இவர் படித்தார். மொழிகள், பழைய வழிபாட்டு நூல்கள், வானியல், ஜோதிடம் எல்லாம் படித்தார். 1868-இல், இருபத்தோரு வயதில், கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். அன்றைக்கு பிரிட்டனில் ஒரு பிரபு அப்படிச் செய்வது பெரிய பேச்சு. இந்த மனிதரின் மனசு எப்படி வேலை செய்தது என்பது கட்டடத்துக்குள் போனால் தெரிந்துவிடும்.

முதலில் பளிங்கு மண்டபம். வீட்டின் நட்டநடுவே இருக்கிறது. உயரம் 80 அடி. நம் கணக்கில் எட்டு மாடி! நாலு பக்கமும் அறைகள் சூழ்ந்திருப்பதால் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. ஒரு கொத்தனாராக யோசித்துப் பார். வெளிச்சத்துக்கு என்ன செய்வாய்? ஆண்டர்சன் மண்டபத்தைச் சுற்றியுள்ள கூரைகளுக்கு மேலே தூக்கி, உச்சியில் வரிசையாக வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை வைத்துவிட்டார். பன்னிரண்டு ராசிகளும் அந்தக் கண்ணாடிகளில் இருக்கின்றன. அதற்கும் மேலே வளைவுக் கூரையில் நட்சத்திர மண்டலங்கள், நட்சத்திரங்கள் பளபளவென்று மின்னுகின்றன. கீழே மெல்லிய பளிங்குத் தூண்கள். ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இல்லை.

நான் நின்றிருந்தபோது வெளியே மேகம் விலகியது போலிருக்கிறது. ஒரு தூணின் நடுவில் கையகலத்துக்கு நீலமும் மஞ்சளும் விழுந்தது. பளிங்கில் ஓடும் ரேகை அந்த நிறத்துக்குள் அப்படியே தெரிந்தது, தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல. கொஞ்ச நேரத்தில் அது தூணை விட்டு நகர்ந்து தரைக்கு வந்தது. பிறகு மங்கி மறைந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன். இந்தப் புதுக் கண்ணோடு நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஜாதக அறை. பிரபுவுக்கென்று இருந்த தனி அறை. அவர் பிறந்த 1847 செப்டம்பர் 12 அன்று கிரகங்கள் எங்கெங்கே நின்றனவோ, அப்படியே சீலிங்கில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நாம் ஜாதகத்தை நோட்டில் எழுதி பீரோவில் வைக்கிறோம், இவர் தலைக்கு மேலே வைத்துக்கொண்டார். எனக்கு அது ஆடம்பரமாகத் தோன்றவில்லை. அவருக்கு வானம் அவ்வளவு நெருக்கம்.

வீட்டோடு சேர்ந்த தேவாலயம் வேறு மாதிரி. மண்டபத்தில் அத்தனை நிறம் பார்த்துவிட்டு உள்ளே போனால் சுவர், தூண் எல்லாம் இத்தாலியின் கராரா வெள்ளைப் பளிங்கு. மேலே கோபுர ஜன்னல்களில் மட்டும் ரத்தச் சிவப்புக் கண்ணாடி. ஸ்பெயினில் சரகோசா நகரத்துக் கதீட்ரலைப் பார்த்து அமைத்த கோபுரம் அது. வெயில் வந்தால் அந்த வெள்ளை முழுக்கச் சிவந்துபோகிறது. சித்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை, கல்லும் கண்ணாடியும் போதும். நான் பார்த்ததிலேயே துணிச்சலான வேலை இதுதான்.

இத்தனை பழமையை நேசித்தவர் வசதியில் பின்தங்கவில்லை. ஸ்காட்லாந்தில் மின்விளக்குக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய முதல் வீடுகளில் இதுவும் ஒன்று. டெலிபோன், லிஃப்ட் எல்லாம் அப்போதே வந்துவிட்டன. கீழ்த்தளத்தில் கூர்முனை வைத்த கோதிக் வளைவுகளுக்கு நடுவே நீச்சல்குளம், அதுவும் சூடாக்கிய தண்ணீர்.

1900-இல் பிரபு இறந்தபோது வீடு முழுதாக முடியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வேலை நடந்தும் முடியவில்லை. அவருடைய இதயத்தை மட்டும் எடுத்துப்போய் ஜெருசலேமில் ஒலிவ மலையில் புதைத்தார்கள். முதல் உலகப் போரில் வீடு கடற்படை ஆஸ்பத்திரியானது. தோட்டத்துப் பக்கம் இருந்த கண்ணாடி அறையை ஆபரேஷன் தியேட்டர் ஆக்கிக்கொண்டார்கள். 1995-இலிருந்துதான் பொதுமக்கள் உள்ளே போக முடிகிறது.

கல்லும் மரமும் செதுக்கியவர்களில் நிறையப் பேர் கார்டிஃபில் பிரபுவின் சொந்தப் பட்டறையில் இருந்தவர்கள். அவர்கள் செதுக்கிய இலைகளைக் கிட்டே போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து யார் கண்ணுக்கும் எட்டாத உயரத்திலும் அதே சுத்தம். நம் சைட்டில் பரணுக்கு உள்பக்கமும் நீ மட்டம் பார்ப்பாய், ஞாபகம் இருக்கிறதா? பார்க்காத இடம்தானே என்று நான் சொன்னதற்கு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

சரி, உன் மாடிக்கு வருகிறேன். பத்தடிக்குப் பதில் பன்னிரண்டு அடி வை. கிழக்குப் பக்கத்து வீடு ஒட்டி நிற்கிறது என்று ஜன்னலை விட்டுவிடாதே. சீலிங்கை ஒட்டி, நீளமாக, ஒன்றரையடி உயரத்தில் ஒரு ஜன்னல் போகுமா என்று மேஸ்திரியிடம் கேள். அவர்கள் கூரைக்கு மேலேதான் அது வரும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மழைச்சாரலுக்குச் சின்னதாக ஒரு சன்ஷேட் போதும். கண்ணாடி எந்த நிறம் என்பதை இப்போதே முடிவு செய்யாதே. நான் பிப்ரவரியில் வந்துவிடுவேன். காலை ஏழு மணி வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம். அதுவரை அந்தச் சுவரைப் பூச விடாதே.

அன்புடன்,
உன் பழைய சைட் தோழன்