செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நாடக வாசிப்பு மன்றம் இந்த ஆண்டின் பெரும்பகுதியை மார்க் காமொலெத்தியின் 'போயிங் போயிங்' நாடகத்துக்கே ஒதுக்கியது. ஒரே நாடகத்துக்கு இத்தனை கூட்டங்களா என்று சிலர் கேட்டதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1960-இல் பாரிஸில் மேடையேறிய பிரெஞ்சு நகைச்சுவை நாடகம் இது. நாயகன் பெர்னார், மூன்று விமானப் பணிப்பெண்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் நிச்சயம் செய்துகொண்டவன். விமான அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருத்தி கிளம்பியதும் அடுத்தவள் வருகிற மாதிரி வீட்டை நடத்துகிறான். வேகமான ஜெட் விமானங்கள் வந்ததும் கணக்கு தப்பி, மூவரும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறார்கள். அப்புறம் எல்லாம், ஒருத்தி கண்ணில் மற்றவள் படாமல் திறந்து மூடும் கதவுகளின் கதை.

பெவர்லி கிராஸின் ஆங்கிலத் தழுவல் 1962-இல் லண்டனில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓடியது. அதே நாடகம் 1965-இல் நியூயார்க்கில் 23 காட்சிகளோடு நின்றுபோனது. பிறகு இயக்குநர் மாத்யூ வார்கஸ் 2007-இல் லண்டனிலும் 2008-இல் நியூயார்க்கிலும் மேடையேற்றினார். முன்பு கைவிட்ட அதே ஊரில் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது (அமெரிக்க நாடகத்துறையின் உயரிய விருது) கிடைத்தது. பெர்னாரின் நண்பன் ராபர்ட்டாக நடித்த மார்க் ரைலன்ஸ் சிறந்த நடிகருக்கான டோனி விருதைப் பெற்றார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்கள் விவாதமாக இருந்தது. வார்கஸின் மேடையில் மூன்று பெண்களின் சீருடையும் சிவப்பு, நீலம், மஞ்சள் எனத் தனித்தனி நிறம். எந்த அறையில் யார் இருக்கிறார் என்பதைப் பார்வையாளர் நொடியில் பிடித்துக்கொள்ளலாம். மூலத்தில் பிரெஞ்சுக்காரியாக இருந்தவள் இங்கே இத்தாலியப் பெண். கிராமத்தான் போலத் தயங்கித் தயங்கிப் பேசும் ராபர்ட், பெர்னாரைவிட நம் மனத்தில் பதிகிறான். தழுவல் எழுதுகிறவர்கள் வசனத்தைவிட இந்த ஏற்பாடுகளைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் அங்கத்தை நாங்கள் வாசித்தபோது, கதவு சாத்தும் சத்தத்துக்கு மேஜையைத் தட்டினோம். தட்டு கொஞ்சம் பிந்தினாலும் சிரிப்பு எழவில்லை. சரியாக விழுந்த இடத்தில் கூடம் அதிர்ந்தது. அன்று முதன்முறையாக வந்த இரண்டு கல்லூரி மாணவியர் இப்போது நம் உறுப்பினர்கள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மற்ற நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. வரும் ஆண்டில் மோலியேரின் 'ஸ்கபாங்' நாடகத்தை எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.