பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்ட விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இத்தனை கோடி முதலீடு திரட்டிய நிறுவனம் என்று தொழில் பக்கத்தில் செய்தி வராத வாரமில்லை. யாரிடமும் முதலீடு வாங்காமல் மென்பொருள் தொழில் நடத்துகிறவர்களின் கஷ்டமும் அச்சில் வர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் ஐந்து பேராகச் சேர்ந்து மாங்காய் மண்டிகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். சீசனில் ராத்திரி முழுக்க பெங்களூரா ரக மாங்காய் லோடு இறங்கும். கணக்கு எழுதுபவரின் ஒரு கையில் எப்போதும் போன் இருக்கும். இன்னொரு கையால் அவர் எண்களை மட்டும் தட்டினால் போதும். கழிவு, கமிஷன், இறக்குக்கூலி, விவசாயி வாங்கிய முன்பணம் எல்லாம் கழிந்து தமிழில் சீட்டு வந்துவிட வேண்டும். மண்டியிலேயே உட்கார்ந்து பார்த்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது. மண்டிக்காரர்கள் வருஷச் சந்தாவை சீசன் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அதுதான் முதல். புதிதாக ஓர் ஆளை எடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பணம் வந்த பிறகே பேசுவோம்.

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வெளி முதலீடு வாங்காமலேயே வளர்ந்தது. ஆக, நடக்காத காரியம் இல்லை.

சிக்கல் பெரிய வாடிக்கையாளரிடம்தான். ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு பில் கொடுத்தோம். அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 18,000 ரூபாயை அடுத்த மாதமே கட்டினோம். ஆலையிலிருந்து பணம் வந்தது பொங்கலுக்குப் பிறகு. எங்கள் செலவில் பெரும்பகுதி சம்பளம். சம்பளத்துக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது என்பதால் அந்தத் தொகை கிட்டத்தட்ட முழுசாகக் கைக்காசு.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். சரி, கொடுத்துவிட்டு அடுத்த சீசனில் அதே ஆலை வாசலுக்கு எப்படிப் போவது?

பழைய சேவை வரியில், ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் வரை சேவை செய்யும் தனிநபர்களும் கூட்டாண்மை நிறுவனங்களும் பணம் வந்த பிறகு வரி கட்டலாம் என்றிருந்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. சேவை செய்பவர்களுக்கு 20 லட்சம் வரை பதிவே வேண்டாமே என்பார்கள். ஐந்து குடும்பம் பிழைக்கிற தொழில் அந்த வரம்புக்குள் நிற்காது.

நாங்கள் மானியமோ கடனோ கேட்கவில்லை. வரியைத் தள்ளுபடி செய்யவும் சொல்லவில்லை. அந்த 50 லட்ச வரம்புச் சலுகையைச் சிறு சேவை நிறுவனங்களுக்குத் திரும்பக் கொடுக்கும்படி தமிழக அரசு ஜிஎஸ்டி கவுன்சிலில் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் நாளிதழும் இதை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மண்டி மென்பொருள் தொழில் செய்யும் வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.