நான்காவது குமிழ்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுந்து கராஜுக்குப் போய்விட்டேன். காரணம் கேட்டால் சிரிப்பாய்: ஒரு குமிழ்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். வாசலில் பரப்பியிருந்த சாமான்களுக்கு நடுவே ஒரு பழைய கித்தார் ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவர்ப், கறுப்பு முகப்பு, பத்து அங்குல ஸ்பீக்கர். வால்வு செட்தான். கல்லூரியில் நாம் இரவல் வாங்கி வாசித்த அந்த ஓட்டை டப்பாவை நினைத்துக்கொண்டேன். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

முகப்பில் திருப்புகிற குமிழ்கள் ஆறு இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன. நான்காவதான, எதிரொலி சேர்க்கும் ரிவர்ப் குமிழ் இருந்த இடத்தில் வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர் அதைக் குறடால் பிடித்துத் திருப்பியிருக்கிறார், பல் பதிந்திருக்கிறது. மற்ற ஐந்தும் பாவாடை கட்டிய கறுப்புக் குமிழ்கள். பாவாடையில் 1 முதல் 10 வரை எண்கள். வால்யூம் குமிழில் 4, 5 இரண்டும் தேய்ந்தே போய்விட்டன. வைப்ரேட்டோவுக்கான இரண்டும் புத்தம் புதிது போல இருக்கின்றன. (அது உண்மையில் ட்ரெமலோ. சுருதி அசையாது, ஒலி அளவு மட்டும்தான் ஏறி இறங்கும். ஃபெண்டர் அதற்கு வைப்ரேட்டோ என்று பெயர் வைத்துவிட்டது, யார் கேட்பது?) முகம் தெரியாத அந்த மனிதர் எப்படி வாசித்தார் என்பது குமிழ்களைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒரு குமிழ் வாங்குவது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். முதலில் வரவழைத்தது உள்ளே ஏறவே இல்லை. இப்போது அதே பெயரில் வரும் புது ஆம்ப்களில் தண்டு நடுவில் பிளந்து, சுற்றிலும் பல் வெட்டியிருக்கும். குமிழை அழுத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். என்னுடையது பழைய முழுத் தண்டு. கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். பக்கவாட்டில் ஒரு சிறு திருகு வைத்து இறுக்க வேண்டும். இரண்டாவது முறை திருகு வைத்ததாகப் பார்த்து வாங்கினேன். துளை 6 மில்லிமீட்டர். விற்றவர் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தார். 0.35 மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பதை அவர் என் கட்டைவிரலிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது முறை அளவு சரியாக அமைந்தது. ஆறும் சேர்ந்த செட்டாகவே வாங்கி, பழைய ஐந்தையும் கழற்றிவிட்டு மாட்டினேன். எண்கள் சுண்ணாம்பு வெள்ளை. கிழவன் வாயில் புதுப் பல்செட் வைத்தது போல இருந்தது. சரி, ஒன்றை மட்டும் வைப்போம் என்று பழையவற்றைத் திரும்ப மாட்டினால், அந்த ஒன்று இன்னும் மோசமாகக் கண்ணில் குத்தியது. அந்தக் காலத்து அசல் குமிழும் கிடைக்கிறது. 1965-இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது அல்லவா, அதற்கு முந்தையது என்று சொல்லிவிட்டால் பிளாஸ்டிக்குக்கும் தங்க விலை. எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தேதியைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. பழுது பார்ப்பவர் பின்பக்கத்தைத் திறந்தபோது குமிழ் மாட்டும் கண்ட்ரோலின் முதுகில் 1376722 என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார். 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனத் தயாரிப்பு, 67 என்பது வருடம், 22 என்பது வாரம். நான் பிறந்து ஏழு மாதம் கழித்துச் செய்த கண்ட்ரோல்! உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுவதால் நான் கை வைக்கவில்லை, கவலைப்பட வேண்டாம் என்று உன் தங்கையிடம் சொல். இரண்டு முள் பிளக்கை எடுத்துவிட்டு மூன்று முள் போட்டார். மின்சாரக் கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கபாசிட்டர் இருந்தது. அது பழுதானால் கித்தார் கம்பியைத் தொட்டவனுக்கே ஷாக். இங்கே அதற்கு ‘மரணக் கபாசிட்டர்’ என்றே பெயர். அதையும் வெட்டி எறிந்தார்.

அப்போதுதான் உன் அப்பாவின் கடை நினைவுக்கு வந்தது. ரத வீதிச் சத்தம், ஈயப்புகை, வரிசையாக முதுகைக் காட்டி நிற்கும் வால்வு ரேடியோக்கள். ஒருநாள் நான் ஏசி/டிசி செட் ஒன்றின் குமிழ்த் திருகிலிருந்த மெழுகைக் குச்சியால் நோண்டினேன். அவர் பளாரென்று என் கையில் ஒன்று வைத்தார். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட். சட்டத்திலேயே மின்சாரம் இருக்கும், தண்டு வழியாகத் திருகுக்கும் வரும், விரல் படாமலிருக்கத்தான் மெழுகு என்று பிறகுதான் சொன்னார். அடி முதலில், விளக்கம் பிறகு. இந்த ஆம்ப்பில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று தெரிந்தும், திருகைத் தொடும்போது கை ஒரு நொடி தயங்கியது.

விஷயத்துக்கு வருகிறேன். மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்குமே, கழித்துப்போட்ட குமிழ்களைப் போட்டு வைப்பாரே. கடையை மூடியபோது அதை நீ வீட்டுக்கு எடுத்துப் போனதாக எழுதியிருந்தாய். அதிலிருந்து ஒன்று அனுப்பு. கறுப்பாக இருக்க வேண்டும் என்றில்லை, எண்ணும் வேண்டாம். பேக்கலைட்டோ தந்த நிறமோ, எதுவானாலும் சரி. பொருந்தாத ஒன்றைத்தான் வைக்கப் போகிறோம் என்றால் அது நெல்லையிலிருந்து வரட்டும். வெர்னியர் வைத்துத் துளையை மட்டும் அளந்துவிடு: 6.35. பக்கத்துத் திருகில் மெழுகு ஒட்டியிருந்தால் சுரண்டாமல் அப்படியே அனுப்பு.

பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

உன்,
மூர்த்தி