செயலாளர் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கண்காணிப்பாளர் அம்மாமார்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

நம் செவிலியர் சங்கச் செயற்குழு கும்பகோணத்தில் தவறாமல் கூடியது. மே 12 செவிலியர் தினத்தில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தோம். ஓய்வுபெற்ற சகோதரிகளுக்குச் சால்வை அணிவித்தோம்.

மீதி உழைப்பெல்லாம் டியூட்டி பட்டியலுக்கே போனது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். செவிலியர் நலம் என்றாலே யோகா வகுப்பு என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. பட்டியலைச் சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டிவிட்டு, திங்கள் முதல் நைட் என்றால் பிள்ளையை யாரிடம் விடுவது? அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு வருகிறேன் என்று எப்படி வாக்குக் கொடுப்பது? பட்டியல் இரண்டு வாரம் முன்பே வேண்டும், லீவு கேட்பவரையே மாற்று ஆள் தேடச் சொல்லக் கூடாது என்று மனு எழுதி, பல மருத்துவமனைகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு தாலுகா மருத்துவமனையில் ஹெட் சிஸ்டர் மறுவாரமே செய்து காட்டினார். சுவரில் மாத அட்டவணை, பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில்; வேண்டிய நாளை அவரவரே குறிக்கலாம். தீபாவளிக்கு டியூட்டி பார்த்தவருக்குப் பொங்கல் ஆஃப். தலைமை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆள் பற்றாக்குறை நமக்குத் தெரியாததல்ல. போதனா மருத்துவமனையில் மூன்று படுக்கைக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர், விடுப்புக்கு மேலும் 30 சதவீதம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நடவுக் காலத்தில் ராத்திரி பாம்புக்கடி ஒன்று வந்தால், விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமை வருகிறதா என்று ஒரு சிஸ்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மற்ற வார்டை யார் பார்ப்பது? உடன் வந்தவர்கள் கத்தும்போது மேலதிகாரி இறங்கி வந்து அந்த சிஸ்டர் பக்கம் நிற்க வேண்டும். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழகத்தில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. புகாரை நிர்வாகம் கொடுக்க வேண்டும். அடிபட்டவர் தனியாகக் காவல் நிலையம் போகும் நிலை கூடாது.

இவற்றைப் பேசத்தான் தஞ்சாவூரில் மண்டபம் எடுத்து, பட்டியல் போடும் மூத்த சகோதரிகளை அழைத்தோம். பாதி நாற்காலி காலி. ஒருகாலத்தில் நம்மோடு நைட் பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் வராமல் இந்த வேலை நகராது. சந்தாவிலும் அதே வருத்தம். மாதம் ஒரே நிலையான தொகை மட்டும் வாங்கும், தொகுப்பூதியத்தில் இருக்கும் தங்கைகள் முதல் வாரமே கட்டிவிடுகிறார்கள். நிரந்தரப் பணியில் காலமுறை ஊதியம் வாங்குவோர்தான் "அடுத்த மாசம் ஜிபே பண்றேன்" என்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை, அச்சுக்கூலி போகச் சிறு தொகை கையிருப்பு உண்டு. தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் மனமார்ந்த நன்றி.

வரும் ஆண்டில் நைட் பார்ப்பவர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை கேட்கப் போகிறோம். அலைய ஆள் வேண்டும். மருத்துவமனைக்கு ஒருவராவது இன்றே பெயர் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்