பத்திரிகைக்குச் சொந்தமாக ஒரு சர்வர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வைகை அணையில் தண்ணீர் திறப்பு, சித்திரைத் திருவிழா போக்குவரத்து மாற்றம், நாளை எந்தெந்த ஏரியாவில் மின்தடை என்று அவசரமான தகவல்களை எல்லாம் எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் போடுகிறீர்கள். எக்ஸில் கணக்கு இல்லாதவர் உங்கள் பக்கத்தைத் திறந்தால் பழையதும் புதியதும் கலந்து கிடக்கிறது. ஃபேஸ்புக்கோ இன்றைய மின்தடையை நாளை சாவகாசமாகக் காட்டும். எக்ஸ் மாதிரியே பதிவு போடுகிற, ஆனால் யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் நடத்தக்கூடிய மாஸ்டடான் என்று ஒன்று இருக்கிறது. நீங்களே ஒரு மாஸ்டடான் சர்வர் வைத்துக்கொண்டால் என்ன?

ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மெயில் அனுப்புகிற மாதிரிதான் இதுவும். சர்வர் உங்களுடையது, ஆனால் வேறு சர்வரில் இருப்பவரும் உங்களைப் பின்தொடரலாம், பதில் போடலாம். சர்வர்கள் இப்படி ஒன்றோடொன்று பேசுவதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இலேயே தரநிலையாக்கிவிட்டது, மென்பொருளும் இலவசம். பிபிசிகூட 2023இல் தன் சொந்த டொமைனில் (இணைய முகவரிப் பெயரில்) ஒரு மாஸ்டடான் சர்வரைச் சோதனையாகத் தொடங்கியது. கணக்கின் பெயரிலேயே பத்திரிகையின் டொமைன் இருக்கும் என்பதால் எது அசல், எது போலி என்ற குழப்பம் கிடையாது, நீல டிக்குக்குப் பணம் கட்டவும் வேண்டாம்.

மாஸ்டடானில் தமிழர்கள் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். குறைவுதான். ஆனால் கணக்கே இல்லாதவரும் உங்கள் பக்கத்தைத் திறந்து தேதி வரிசைப்படி படிக்கலாம், பக்கத்தின் முகவரிக்குக் கடைசியில் .rss என்று சேர்த்தால் ஃபீடாகவும், அதாவது புதுப் பதிவுகள் ஃபீட் ரீடர் செயலிக்குத் தானாக வந்து சேரும்படியும் கிடைக்கும். எனக்கு இது ஒன்றே போதும்.

நண்பர்களுக்காகச் சின்னதாக ஒரு சர்வர் நடத்துகிறவன் என்பதால் இதில் உள்ள தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். நிறுவுவது ஒரு நாள் வேலை, அப்புறம்தான் கதையே. மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களும் வீடியோக்களும் உங்கள் டிஸ்கிலேயே சேர்ந்துகொண்டே போகும், அதைத் தானாக அழிக்கும்படி முதல் நாளே அமைக்காவிட்டால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுவிடும். டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்தால் போதாது, ரகசியச் சாவிகள் இருக்கிற அமைப்புக் கோப்பையும் வேறு இடத்தில் வைத்திருக்க வேண்டும். அலுவலக மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போட்டு ஓட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் போகிற ஊர் இது, மின்தடை அறிவிப்பு போடுகிற சர்வரே மின்தடையில் படுத்துவிட்டால் சிரிப்பார்கள். மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (டேட்டா சென்டரில் ஓடும் வாடகை சர்வர்) எடுங்கள், நினைவகம் (ராம்) 4 ஜிபி இருந்தால் நிம்மதி.

பொதுமக்களுக்குக் கணக்குத் திறந்துவிடாதீர்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் நிருபர்களுக்கும் செய்திப் பிரிவுக்கும் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் யார் யாரை வைதார்கள் என்று ராத்திரி பகலாகப் புகார் பார்க்கவே தனி ஆள் போட வேண்டியிருக்கும்.

டொமைனை மட்டும் நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். சர்வர் ஓடத் தொடங்கிய பிறகு அதை மாற்ற முடியாது, மாற்றினால் முதலிலிருந்துதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.