சுவருக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு பதில்

மதிப்பிற்குரிய அணுசக்தித் துறைச் செயலர் அவர்களுக்கும், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜூனில் ஈரான் மீது குண்டு விழுந்ததிலிருந்து இங்கே எல்லோரும் செறிவூட்டல் நிபுணர்கள், அதாவது யுரேனியத்தை அணு உலைக்கோ குண்டுக்கோ ஏற்றபடி மாற்றுவதில் நிபுணர்கள். ஈரானின் நதான்ஸ், ஃபோர்தோ ஆலைகள், 60 சதவீதச் செறிவு, 440.9 கிலோ கையிருப்பு என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். சரி, நம் நாட்டில் யுரேனியத்தைச் செறிவூட்டுவது எங்கே என்று கேட்டால் முழிக்கிறார்கள். கர்நாடகத்தில் மைசூருக்குப் பக்கத்து ரட்டேஹள்ளி ஆலையும் தெரியாது, அடுத்த ஆலைக்கென்று நிலம் ஒதுக்கிய சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரேயும் தெரியாது. உங்களுக்கு இந்தக் கதை தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சள்ளகெரேயின் உள்ளார்த்தி காவல் என்ற மேய்ச்சல் நிலத்தில் உங்களுக்குக் கிடைத்தது 1,800 ஏக்கருக்கு மேல். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ., இஸ்ரோ, இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் எட்டாயிரத்தைத் தாண்டும். மைசூர் அரசர்கள் காலத்திலிருந்து அம்ருத் மஹால் இன மாடுகளுக்கென்று விடப்பட்ட புல்வெளி அது. சுற்றியுள்ள ஊர்களுக்கும் அதுதான் மேய்ச்சல். ஆடு வளர்த்து, அதன் ரோமத்தில் கம்பளி நெய்கிறவர்கள் அந்த ஊர்களில் பலர். நிலம் கைமாறியதே பலருக்குச் சுவர் எழும்பியபோதுதான் தெரிந்தது. புல் போனால் ஆட்டை விற்க வேண்டும், ஆடு போனால் தறிக்கு வேலை இல்லை. பட்டா யார் பெயரிலும் இல்லாததால் நட்டஈடு கேட்கவும் வழியில்லை. வழக்கு சென்னையில் பசுமைத் தீர்ப்பாயம் வரை வந்தது, 2014இல் தீர்ப்பும் ஆனது. சுவர் அப்படியே நிற்கிறது.

செறிவூட்டும் சுழல் இயந்திரமான சென்ட்ரிஃபியூஜ் எத்தனை, எந்த நீர்மூழ்கிக் கப்பலின் எரிபொருளுக்கு எத்தனை சதவீதச் செறிவு என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், கழிவு எங்கே போகிறது, வாயு கசிந்தால் ஊர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றையும் பொதுக்கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். செறிவூட்டலில் பயன்படும் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு ஈரக்காற்றில் பட்டால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகும். எந்த எதிரி நாட்டுக்கும் தெரிந்த வேதியியல்தான் இது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவருக்கு மட்டும் ஏன் ரகசியம்?

நாட்டின் பாதுகாப்பு சார்ந்த திட்டம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை. கட்டாயமில்லை, அவ்வளவுதான், நடத்தவே கூடாது என்று அதில் எங்கும் இல்லை. போதாக்குறைக்கு, 2000இல் உங்கள் மையத்தின் நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்தும் வெளியே எடுக்கப்பட்டன. தான் எழுதிய பரீட்சையைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி நாட்டில் வேறு யாருக்குக் கிடைக்கும்?

இதில் 2005இல் வியன்னாவில், சர்வதேச அணுசக்தி முகமையில், ஈரானுக்கு எதிராகக் கை தூக்கியவர்களும் நாம்தான். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்திட்டார்கள், நாம் போடவில்லை, ஆகவே சட்டப்படி ஒப்பிட முடியாது. தெரியும். ஆனாலும் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதில் நமக்கு எவ்வளவு அக்கறை!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது அந்தப் பொதுக்கூட்டம்தான். தண்ணீர், கழிவு, கசிவு பற்றிய விவரங்களைக் கன்னடத்தில் அச்சிட்டு ஒரு வாரம் முன்பே ஊர் ஊராகக் கொடுங்கள். ஒழுங்குமுறை வாரியத்திலிருந்தும் ஒருவரை மேடையில் உட்கார வையுங்கள். தேதியைச் சள்ளகெரே தாலுகா கிராமப் பஞ்சாயத்துகளுக்குத் தெரிவித்தால் போதும், எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம்.

பணிவுடன்,
சுவருக்கு வெளியே இருக்கும் ஒரு குடிமகன்