நூல் அறுந்தால் முதலில் நுனியைப் பார்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

எம்பிராய்டரி மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, டென்ஷனை (மேல் நூலின் இறுக்கத்தை) எவ்வளவு குறைத்தும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். முதல் வேலையாக அந்த டென்ஷனை மெஷின் புத்தகத்தில் சொல்லியிருக்கும் அளவுக்கே திருப்பி வை. நூல் அறுகிறதென்றால் எல்லோருடைய கையும் நேரே அங்கேதான் போகிறது. கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். அதைத் தளர்த்திவிட்டால் பழைய கோளாறோடு கீழே நூல் சிக்குவதும் சேர்ந்துகொள்ளும்.

இனி அறுந்தால் அவசரமாகக் கோர்க்காதே. அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் நூல் எங்கோ உரசித் தேய்ந்திருக்கிறது: ஊசிக் கண், ஊசி இறங்கும் பிளேட்டின் ஓட்டை, அடியில் மேல் நூலைப் பிடித்துச் சுற்றும் ஷட்டில், இந்த மூன்றில் ஒன்று. வெட்டினாற்போல் இருந்தால் எங்கோ மாட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது. நூல் சுற்றிய கண்டு, அதன் மூடி, நூல் போகும் வழி இவற்றைப் பார். சுருண்டு முறுக்கிக்கொண்டிருந்தால் கண்டிலிருந்து நூல் சரியாக அவிழவில்லை. எந்த இடத்தில் அறுகிறது என்பதும் முக்கியம். டிசைனில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் மெஷின்மேல் பழியில்லை, டிசைன்தான். கலர் மாற்றியதும் அறுந்தால் கோர்த்ததில் பிழை.

கோர்ப்பதிலிருந்து தொடங்கு. நூலை முழுதாக உருவி எடுத்துவிட்டு, துணியை அழுத்தும் ஃபுட்டை மேலே தூக்கி வைத்துக்கொண்டு கோர்க்க வேண்டும். ஃபுட் மேலே இருந்தால்தான் டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகி நூலை உள்ளே விடும். இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுக்கு வெளியே நிற்கும்; துணிக்கு அடியில் கூடுகூடாய்ச் சிக்கும், பிறகு அறும். அடியில் சிக்குவதைப் பார்த்து எல்லோரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள், ஆனால் குற்றம் மேல் நூலுடையது. சரிபார்க்க வழி இருக்கிறது: கோர்த்து முடித்ததும் ஃபுட் மேலே இருக்க நூலை இழு, தாராளமாக வர வேண்டும். இறக்கிவிட்டு இழு, இறுக வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் மறுபடி கோர்.

கண்டு படுத்திருக்கும் மெஷின் என்றால் மூடி கண்டின் அளவுக்குப் பொருந்த வேண்டும். சின்னக் கண்டுக்குப் பெரிய மூடியோ, பெரிய கண்டுக்குச் சின்ன மூடியோ போட்டால் நூல் ஓரத்தில் மாட்டும். கண்டின் விளிம்பில் நூல் செருகுவதற்கு ஒரு வெட்டு இருக்குமே, அது நூல் வரும் பக்கம் இருக்கக் கூடாது. கடையில் பெரிய கோன் வாங்கியிருந்தால் அதை மெஷினில் ஏற்றாதே. தனி ஸ்டாண்டில் மெஷினுக்குப் பின்னால் நிறுத்தி, மேல்நோக்கி அவிழ விடு.

அடுத்தது ஊசி. பாதிக் கோளாறு இங்கேதான் தீரும். ஒரு தையலில் சேர்வதற்கு முன் அதே நூல் ஊசிக் கண்ணுக்குள் பல முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. கண்ணில் முடியளவு பிசிர் இருந்தாலும் நூலை அரைத்துவிடும். சாதாரணத் தையல் ஊசியை எம்பிராய்டரிக்குப் போடாதே. எம்பிராய்டரி ஊசியின் கண் பெரிது. 40 எண் நூலுக்கு 75/11 அளவு ஊசி போதும், கனத்த துணிக்கும் சரிகை போல மின்னும் மெட்டாலிக் நூலுக்கும் 90/14. வீட்டு மெஷின் ஊசியில் தண்டின் ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். அது பின்னால் பார்க்க, முட்டும் வரை மேலே தள்ளி, திருகை இறுக்கு. சற்றே இறங்கியிருந்தாலும் ஷட்டில் நூலைச் சரியாகப் பிடிக்காது. எட்டு மணி நேரம் ஓடினால் ஊசியை மாற்றிவிடு. பட்டு, சரிகை மேல் ஓட்டினால் அதற்கும் முன்னாலேயே மாற்று. நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் ஊசி துருப்பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை. துருப்பிடித்ததைத் தேய்த்துப் போடலாமா என்று யோசிக்காதே, எறிந்துவிடு.

நூலையும் சோதித்துப் பார். ஓர் அடி நீளம் எடுத்து இரண்டு கையாலும் சட்டென்று இழு. புது நூலை விடச் சுலபமாக அறுந்தால் அந்தக் கண்டு வேலைக்கு ஆகாது. ரேயான் நூல் ஈரத்தில் வலுவிழக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரத்தில் ரேயானை நம்பி ஆர்டர் எடுக்காதே. பாலியெஸ்டரையே போடு; மினுமினுப்பு கொஞ்சம் வேறாக இருக்கும், அறாது.

மெட்டாலிக் நூல்தான் அதிகம் படுத்தும். ஆரி வேலைக்குப் பயன்படும் கைவேலைச் சரிகையை மெஷினில் கோர்க்காதே; மேலே சுற்றியிருக்கும் உலோக இழை ஊசிக் கண்ணில் உரிந்துவிடும். மெஷினுக்கென்றே விற்கும் மெட்டாலிக் நூல் வாங்கு. வேகத்தை நிமிடத்துக்கு 400 தையலுக்குக் குறை. டென்ஷனை இதற்கு மட்டும் ஒரு படி தளர்த்தலாம். நெருக்கமான டிசைன் வேண்டாம், அகலமான கோடுகளே நன்றாக வரும்.

பாபினில் 60 அல்லது 90 எண் மெல்லிய நூல் சுற்று. தையல் நூலைச் சுற்றினால் அடிப்பக்கம் கனத்து மேல் நூலை இழுக்கும். உன் மெஷினுக்குச் சொன்ன அளவு பாபினைத்தான் போட வேண்டும். பார்க்க ஒன்று போலிருந்தாலும் உயரம் மாறும். சாட்டின் தையலை, அதாவது பக்கம் பக்கமாக நெருக்கி நிரப்பும் தையலை, திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அடி நூல் தெரிய வேண்டும். அடி நூலே தெரியாவிட்டால் மேல் நூல் தளர்வு. மேற்பக்கத்தில் அடி நூல் எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம். டென்ஷனைத் தொடுவது இதைப் பார்த்த பிறகுதான்.

பிளேட்டைக் கழற்றிப் பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் எடு. வாயால் ஊதாதே, எச்சில் ஈரமும் தூசியும் உள்ளே போகும். ஊசி எப்போதாவது பிளேட்டில் இடித்திருந்தால் ஓட்டை ஓரத்தில் பிசிர் எழும்பியிருக்கும். ஒரு துளி பஞ்சை அதன்மேல் ஓட்டிப் பார், மாட்டினால் பிசிர் இருக்கிறது. 1000 எண் எமரித் தாளை மெல்லிய குச்சியில் சுற்றி லேசாகத் தேய்த்தால் சரியாகும். பாபின் கேஸ் பிளாஸ்டிக்காக இருந்து அதில் ஊசி குத்திய தடம் இருந்தால் தேய்க்காமல் மாற்று.

திருபுவனம் பட்டு ஜாக்கெட் பிட்டில் பார்டர்மேல் டிசைன் விழும்படி வைக்காதே. சரிகை அடர்ந்த இடத்தில் ஊசியும் மழுங்கும், நூலும் அறும். துணி ஃபிரேமில் தவில் தோல் போல நிற்க வேண்டும், தளர்ந்தால் ஊசியோடு துணியும் எழும்பி அறுக்கும். பனியன் துணியை மட்டும் இழுக்காமல், துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பேக்கிங் (backing) பேப்பரில், பிறகு வெட்டி எடுக்கும் வகையை வைத்து ஃபிரேமில் போடு. டிசைனை 20 சதவீதத்துக்கு மேல் சுருக்காதே, தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே ஓட்டையில் ஊசி குத்தும்.

இவ்வளவும் பார்த்தபின்னும் புது ஊசி, புது நூலில் அறுந்தால் ஷட்டில் டைமிங், அதாவது ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம், நகர்ந்திருக்கலாம். அதை நீ திறக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடு. கொடுக்கும்போது அறுந்த நுனிகள் நாலைந்தைத் தாளில் ஒட்டிக் கொடு, பாதி வேலை மிச்சம் அவருக்கு.

அன்புடன்,
அம்மா

பி.கு: துணியைப் பேக்கிங் பேப்பரில் ஸ்ப்ரே கம் அடித்து ஒட்டினாயானால், ஊசியில் பிசுபிசுப்பு சேரும்போதெல்லாம் கரண்டை அணைத்துவிட்டு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடை. மெஷின் பக்கத்தில் வைத்து ஸ்ப்ரே அடிக்காதே.